கிழக்கு ஜன்னல் விஷயம்

வேங்கிக்கால்
26.11.83, சனிக்கிழமை

அன்புள்ள மகன் ராஜேந்திரனுக்கு அம்மா ஆதிலட்சுமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய முழங்கால் வலி எங்கள் இருவரையும்விட நலம். மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் மலையைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் தீபத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வெயிலில் ஒயர் இழுத்துச் சம்பாதித்து அனுப்புகிற காசில் எழும்பிய சுவரை யாரைக் கேட்டு இடித்தீர்கள், மாடி அறையில் கிழக்குப் பக்கம் எனக்கு ஜன்னல் வேண்டாம், தை பிறப்பதற்குள் அடைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர்தான், அப்புறம் என்னிடம் காப்பி வேண்டும் என்றுகூட வாயைத் திறந்து கேட்கவில்லை, டம்ளரை நகர்த்தி வைத்தார். நானும் தீபம் முடியட்டும், மனசு ஆறட்டும் என்று இருந்தேன். இப்போது ஆறிவிட்டது. ஆகையால் சொல்வதை முழுக்கப் படி. படித்த பிறகும் அடைக்கத்தான் வேண்டும் என்று எழுதினால் அடைத்துவிடச் சொல்கிறேன், செங்கல் கீழேயேதான் கிடக்கிறது.

உனக்கு இதை எழுதியது தருமன் என்று எனக்குத் தெரியும். உன் சிநேகிதன், உன் மேல் உள்ள அக்கறையில் எழுதியிருப்பான், அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை, நேற்றுகூட வந்து பொரி உருண்டை தின்றுவிட்டுத்தான் போனான். அவன் எழுதியதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. நீ ஊரைவிட்டுப் போனபோது இங்கே இருந்த நிலைமை வேறு, இப்போது வேறு. நீ பட்டம் விட்ட வயலெல்லாம் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். டவுனில் இடம் இல்லாதவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வருகிறார்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் தங்க ரூம் கேட்டு அலைகிறார்கள் என்று அங்கே மாட்டுக் கொட்டகையைக்கூட மெழுகி வாடகைக்கு விடுகிறார்களாம். இந்த வருஷம் மழை ஜாஸ்தி, ஏரி ரொம்பி வழிகிறது. அந்த மழைக்கு நடுவில், சிமெண்டுக்கு உன் அப்பா நடையாய் நடந்து வாங்கி வந்துதான் உன் மாடி அறை எழும்பியது. சும்மா எழும்பவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் கிணறு உள்ள காலிமனை, அதைத் தாண்டி ஓட்டு வீடு, அதில் இருக்கிற ரேணுகாம்பாளை உனக்கு நினைவிருக்கும். இட்லிக்கு மாவாட்டி விற்பாள். அவள் வீட்டுக்காரர் சக்கரபாணி, மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், உன்னைத் தோள்மேல் உட்காரவைத்து மகா ரதம் காட்டினவர். அவர் இறந்துபோனதை உனக்கு எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு இவளும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். இப்போது கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும்தான் நடமாட்டம். படி ஏறவே முடியாது. வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள், உளுந்து களைவாள், போகிறவர் வருகிறவரிடம் பேசுவாள், அவ்வளவுதான் அவளுக்கு உலகம்.

புரட்டாசியில் மாடிச் சுவர் எழும்ப ஆரம்பித்ததும் இவள் கைவேலையை விட்டுவிட்டு நம் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்தேன். சாயங்காலம் ஆனால் அதே பார்வை. நான் ஒருநாள் உன் அப்பாவிடம் சொன்னேன், அந்தம்மா வைத்த கண்ணை எடுக்கமாட்டேன் என்கிறது என்று. பெண்பிள்ளை வாய் என்று விட்டிருக்கலாம் அல்லவா, உன் அப்பா விடவில்லை. மறுநாளே வைக்கோல் திணித்து, சட்டிக்குக் கண்ணும் மீசையும் எழுதி, நீ விட்டுப்போன நீலக் கால்சட்டையை மாட்டி ஒரு திருஷ்டி பொம்மை செய்துவிட்டார். எல்லோரும் தெருவைப் பார்த்துத் தொங்கவிடுவார்கள், இவர் பின்பக்கம் ரேணுகாம்பாள் வாசலைப் பார்த்துத் தொங்கவிட்டார். பார்க்கட்டும், நல்லா பார்க்கட்டும் என்றார். நானும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதன் பிறகும் அவளிடம் மாவு வாங்கப் போனால் எப்போதும் போலக் கூட ஒரு கை போட்டுத்தான் கொடுத்தாள்.

சுவர் ஏற ஏற அவள் உட்காரும் இடம் மாற ஆரம்பித்தது. முதலில் படியின் இந்த ஓரத்தில் இருந்தாள், அப்புறம் அந்த ஓரம், அப்புறம் படியைவிட்டு இறங்கிச் சுவரோரம். ஒருநாள் மழை விட்ட நேரத்தில் பார்க்கிறேன், சந்து முனையில் சாக்கடை ஓரமாகப் பலகையைப் போட்டுக்கொண்டு, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஈ மொய்க்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை, போய் ஏம்மா இங்க வந்து உட்கார்ந்திருக்கே என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க அக்கா, மலை காணோம். அதான் தேடிக்கினு வந்தேன், இங்க இருந்தா உச்சி தெரியுது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்டா. எனக்குச் சுருக்கென்றது. திரும்பி அவள் வாசற்படியில் நின்று பார்த்தேன். உன் அறையின் சுவர் மார்பளவுக்கு எழும்பியிருந்தது. நின்றால் அதன் விளிம்புக்கு மேல் மலையுச்சி நுனி மட்டும் தெரிகிறது, உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை, செங்கல்லும் உன் கால்சட்டை போட்ட பொம்மையும்தான். அவள் பார்த்தது நம் மாடியை இல்லை, நம் மாடிக்குப் பின்னால் முழுகிக்கொண்டிருந்த மலையை.

தீபத்தன்று இங்கே வழக்கம் உனக்குத் தெரியாதது இல்லை. மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாசலில் விளக்கு ஏற்றுவோம், விரதம் இருப்பவர்கள் அதன் பிறகுதான் வாயில் தண்ணீர் படவிடுவார்கள். சக்கரபாணி ஒவ்வொரு வருஷமும் நெய் எடுத்துக்கொண்டு மலையேறுவார், இவள் விரதம் இருந்து வாசற்படியிலிருந்து பார்த்து, எங்க வீட்டுக்காரர் அங்க நிக்கிறாரு என்று சொல்லி விளக்கு ஏற்றுவாள். அவர் போன பிறகும் அதையேதான் சொல்லி ஏற்றினாள், என் காதால் கேட்டேன். அன்றைக்கு மட்டும் தோளைப் பிடித்து எங்கள் வாசலுக்குக் கூட்டிவருகிறேன், அங்கிருந்து நன்றாகத் தெரியும் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "கூட்டிக்கினு போவீங்க அக்கா, தெரியும். ஆனா விளக்கு என் வாசல்ல இல்லீங்களா இருக்குது. நான் அங்க பார்த்துட்டு நொண்டிக்கினு வந்து ஏத்தறதுக்குள்ள தெருவே ஏத்தி முடிச்சுடும். விடுங்க, வீடுன்னா மேல எழும்பத்தானே செய்யும்" என்றாள். நம்மைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் அந்த முழங்காலோடு சாரத்தில் ஏறிப் பொம்மையை அவிழ்த்துக்கொண்டு வந்து மூலையில் போட்டார். விடிந்ததும் ராமதாஸ் மேஸ்திரியிடம் கிழக்குச் சுவரிலும் ஒரு ஜன்னல் வரவேண்டும், மேற்கு ஜன்னலுக்கு நேராக, அதன் வழியாக ரேணுகாம்பாள் வாசலுக்கு மலை தெரியவேண்டும் என்றார். மேஸ்திரிக்கு வந்ததே கோபம். "சுவரு இன்னும் ஈரம் காயலை, அதுக்குள்ள இடிக்கச் சொல்றீங்களே, நான் கட்ற ஆளா இடிக்கிற ஆளா" என்று கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டார். அவரைச் சமாதானம் பண்ணி டீ வாங்கிக் கொடுத்து, உன் அப்பா தோள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு சாரத்தில் நின்றார். ரேணுகாம்பாள் வாசற்படியில் உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்து, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். கிணற்றில் தண்ணீர் இறைக்க வந்தவர்கள் எல்லாம் கூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். "இன்னும் தெக்கால போங்க, அய்யோ ஜாஸ்தி, ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி பண்ணுங்க, அங்கதான், அங்கதான் நில்லுங்க" என்று ஒரே கூச்சல். உன் அப்பா துண்டும் கையுமாக அங்கும் இங்கும் நகர்ந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. துண்டு நின்ற இடத்தில் மேஸ்திரி கரியால் கோடு போட்டு, நாலு வரி செங்கல் எடுத்தார். கீழேயிருந்து பார்க்கிற பார்வைக்காக மேற்கு ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி வைத்தார். இவ்வளவுதான் இடித்தது. தருமன் எழுதியதைப் படித்தால் ஏதோ வீட்டையே இடித்துவிட்டது போல உனக்குத் தோன்றியிருக்கும். இடிக்கும்போது ரேணுகாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க அக்கா, புள்ள கோச்சுக்கும்" என்றாள். என் பிள்ளையை எனக்குத் தெரியும், கோபிக்கமாட்டான் என்று நான் மார்தட்டிச் சொன்னேன். அந்த லட்சணத்தில்தான் உன் கடிதம் வந்தது.

நீ சொல்லும் பீரோ விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து கஸ்தூரியின் அப்பா வந்து மாடியைப் பார்த்தார். உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் இடம், மனஸ்தாபம் வந்துவிடக்கூடாதே என்று பயந்தேன். பயந்தபடியே ஆயிற்று. "கிழக்கால ஜன்னல், மேற்கால ஜன்னல், அப்புறம் நாங்க செய்யற பீரோவை எங்க வைக்கிறது? நடுவுல காத்துதான் குடித்தனம் பண்ணும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு ஜன்னலுக்காகப் பெண் வீட்டைக் கெடுத்துக்கொண்டேனோ என்று நினைத்து, பஸ் ஏறிப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து ரேணுகாம்பாள் கதையை இப்போது உனக்குச் சொல்வது போல முழுக்கச் சொன்னேன். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் சொன்னாள் பார். "எங்க மோட்டார் கொட்டாய் கிட்ட புளியமரம் இருக்குதுங்க அத்தை. ஐப்பசி கடைசியில அப்பாவே ஏறி மேற்கால கிளையைக் கழிப்பாரு, தீபம் தெரியணும்னு. காய்க்கிற கிளையைக் கழிக்கிறவரு ஒரு ஜன்னலுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறாருன்னு தெரியல. பீரோவை தெக்கு சுவத்துல வச்சா போச்சு" என்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டிக்காரி என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, நீ அவளிடம் வாயைக் கொடுத்து ஜெயிக்கப்போவதில்லை, இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆகையால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று நீ எழுதியிருந்த கவலை தீர்ந்தது. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

தீபத்துக்கு முன்னால் மழை விட்ட நேரம் பார்த்துக் கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. முட்டுக் கொம்புகள் அறை முழுக்க நின்றன. அதில் ஒன்று சரியாக மலையை மறைக்கிறது என்று உன் அப்பா மேஸ்திரியைக் கெஞ்சி நகர்த்த வைத்தார். உன் கடிதம் சட்டைப் பையில் இருக்கும்போதே இதைச் செய்தார் என்பதைக் கவனி. இந்த ஒரு வருஷமாவது பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் அவன் இஷ்டம் என்று மேஸ்திரியிடம் சொன்னார். தீபத்தன்று மத்தியானத்திலிருந்து மழை. மலை இருக்கிற இடமே தெரியவில்லை, மேகம் ஏரிக்கரை வரைக்கும் இறங்கிவிட்டது. ரேணுகாம்பாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல், வாசற்படியில் சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு அகலை முந்தானையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் உன் அறையில் மேற்கு ஜன்னலண்டை நின்றுகொண்டிருந்தேன். கோயில் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது, டவுன் அரோகரா என்று சத்தம் போட்டது இங்கே கேட்டது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. சத்தம் கேட்டால் போதும் என்று தெருவில் ஒவ்வொருவராக விளக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். மழையில் எவ்வளவு நேரம் நிற்பது. ரேணுகாம்பாள் ஏற்றவில்லை. பார்க்காமல் எப்படி ஏற்றுவது என்று அசையவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரை இடித்து, மகனிடம் திட்டு வாங்கி, சம்பந்தியிடம் முகத்தூக்கல் வாங்கி, கடைசியில் மேகம் வந்து அடைத்துவிட்டதே என்று மலையை நானே திட்டினேன். அபசாரம்தான், ஆனால் திட்டிவிட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. பின்னாலிருந்து ரேணுகாம்பாள் கத்துகிறாள், அக்கா, அக்கா என்று. விழுந்துவிட்டாளோ என்று நான் பதறிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி, கிணற்று மேட்டுச் சேற்றில் ஓடினேன். அவள் அகலை ஏற்றிவிட்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "இங்க உக்காருங்க, என் பக்கத்துல உக்காந்து பாருங்க" என்று என்னைப் பிடித்து இழுத்து வாசற்படியில் உட்காரவைத்தாள். பார்த்தேன் ராஜேந்திரா. மலை தெரியவில்லை, இருட்டிலும் மேகத்திலும் மலையே இல்லை. நம் வீடு கறுப்பாக நிற்கிறது. அதில் உன் அறை ஜன்னல், அதற்குள்ளே ஒரே ஒரு சுடர். மலைமேல் எரிகிற மாதிரி இல்லை, உன் அறைக்குள்ளே யாரோ அகல் ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. "உங்க ராஜேந்திரன் வந்து விளக்கு ஏத்திட்டு உள்ள உக்காந்துக்கினு இருக்கிற மாதிரி இல்லீங்களா அக்கா" என்றாள் அவள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். நீ போனதிலிருந்து ஒரு பண்டிகைக்கும் நீ இங்கே இல்லை. வீடு கட்டுகிறோம், கட்டுகிறோம் என்று நான் தினமும் மேலே ஏறி இறங்குகிறேனே தவிர, அது ஆள் இல்லாத அறை, சிமெண்டு வாடைதான் அதில் இருந்தது. அன்றைக்குத்தான் அது உன் அறை என்று எனக்குப் பட்டது. உன் அப்பாவும் பின்னாலேயே வந்து நின்றார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எழுதுடி, அவனுக்கு எழுது" என்றார். அவர் என்னிடம் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

இதுதான் முழு விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு ஜன்னலை எந்நேரமும் திறந்து வைக்கவேண்டுமே என்று பயப்படாதே, பகலில் திறந்திருந்தால் போதும், தீபம் எரிகிற நாட்களில் மட்டும் இருட்டின பிறகு கொஞ்ச நேரம். மற்றபடி மூடிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கவேண்டாம். இவ்வளவு எழுதிய பிறகும் உனக்கு அந்தச் சுவர் வேண்டும் என்றால், உன் உழைப்பு, உன் அறை, நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் தபாலில் சொல்லாதே. தை மாதம் லீவில் வரும்போது மாடி ஏறுவதற்கு முன்னால் ரேணுகாம்பாள் வாசற்படியில் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல். அதுவரைக்கும் அடைக்கவேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.

வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் நிற்காதே. வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, நான் கொடுத்தனுப்பிய சீயக்காய் தீர்ந்துவிட்டால் எழுது, வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே. கம்பெனியில் லீவு கேட்டாயா இல்லையா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அதை முதலில் எழுது, பத்திரிகை அடிக்கவேண்டும். உன் நீலக் கால்சட்டையைப் பொம்மையிலிருந்து கழற்றி வைக்கோல் உதறித் துவைத்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது, திட்டாதே. ரேணுகாம்பாள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், நீ வந்தால் முதல் ஈடு இட்லி அவள் வீட்டில்தானாம். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, மனைவி மக்களோடு நூறு வருஷம் இருக்கவேண்டும்.

மலைமேல் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, மழையும் இன்று இல்லை. இதை ஒட்டி வைத்துவிட்டு, தினமும் போகிற மாதிரி இப்போதும் ரேணுகாம்பாள் வாசலுக்குப் போய் உன் அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா
ஆதிலட்சுமி கோதண்டராமன்